மலேசியாவின் கடன் கணக்கை நீங்களே படிக்க: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வட்டார நூலகத்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு நாட்டின் கடனைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததெல்லாம் வெட்டி வைத்த பத்திரிகைச் செய்திகள்தான். 2023 இறுதியில் கூட்டரசு அரசாங்கத்தின் கடன் ஏறத்தாழ 1.17 டிரில்லியன் ரிங்கிட் என்றது ஒரு செய்தி. அதே நேரத்தில் நாட்டின் வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 1.24 டிரில்லியன் ரிங்கிட் என்றது இன்னொன்று. இரண்டையும் கூட்டி, “மொத்தக் கடன் 2.4 டிரில்லியன்” என்று பலகையில் எழுதினேன்.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் மெல்ல அருகில் வந்தார். “தம்பி, ஒரே காச ரெண்டு தடவ எண்ணிட்டீங்க. அதோட, எவனோ பட்ட கடனயும் அரசாங்கத்துக் கணக்குல எழுதிட்டீங்க” என்றார்.

அதற்குள் மாணவர்கள் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியான கணக்கைக் கண்டுபிடித்து அவர்களின் ஆசிரியருக்குத் திருத்தத் தாள் அனுப்ப எனக்கு ஆறு வாரம் பிடித்தது. வழி தெரிந்திருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடிந்திருக்கும். அந்த ஆறு வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் 2023 ஆண்டிறுதிக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். மூடிய கணக்கில் பழகினால் புதிய எண்கள் வரும்போது அதே படிகளில் ஏறிக்கொள்ளலாம்.

1. முதலில் தாள்களைச் சேர்த்து வையுங்கள்

எல்லாம் இலவசம். யாரிடமும் சந்தா கட்ட வேண்டாம். கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்களின் கட்டண அறிக்கைகளும் தொடக்கத்தில் தேவையில்லை. எனக்கு ஆன செலவு, தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுத்த சில ரிங்கிட்தான். முழுப் புத்தகத்தையும் அச்செடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது இருபது பக்கத்தைத் தாண்டாது.

முதல் தாள், நிதியமைச்சு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு வெளியிடும் நிதிநிலை முன்னோட்ட அறிக்கை. ஆங்கிலத்தில் ‘ஃபிஸ்கல் அவுட்லுக்’ என்று தொடங்கும் தலைப்பு. அதில் கடன் நிர்வாகத்துக்கு ஒரு பகுதி, நிதி இடர்களுக்கும் பொறுப்புகளுக்கும் ஒரு பகுதி இருக்கும். இந்த இரண்டையும் மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடும் பொருளாதார அறிக்கை. வெளிநாட்டுக் கடன் இதில்தான் இருக்கிறது. நிதியமைச்சின் அறிக்கையிலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் என் முதல் இரண்டு வாரங்களைத் தொலைத்தேன். அரசாங்கத்தின் கடனுக்கு நிதியமைச்சு, நாடு முழுவதன் வெளிநாட்டுக் கடனுக்குப் பேங்க் நெகாரா என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உள்நாட்டு மொத்த உற்பத்திக்காக மலேசியப் புள்ளிவிவரத் துறையின் தரவு. ‘ஓப்பன்டோசம்’ தளத்தில் பதிவு இல்லாமலே இறக்கிக்கொள்ளலாம்.

நேரம் கிடைத்தால், நாடாளுமன்றத்தின் ஹன்சார்ட் பதிவுகளையும் எழுத்துப்பூர்வ பதில்களையும் பாருங்கள். மலாய் மொழியில் இருக்கும். நம்மில் பலருக்குப் பொருளாதார ஆங்கிலத்தைவிட பள்ளியில் படித்த மலாய் எளிது. ‘ஹுத்தாங் கெராஜாஆன் பெர்செகுத்துவான்’ என்றால் கூட்டரசு அரசாங்கத்தின் கடன். ‘ஹுத்தாங் லுவார் நெகெரி’ என்றால் வெளிநாட்டுக் கடன். ‘ஜாமினான் கெராஜாஆன்’ என்றால் அரசாங்க உத்தரவாதம். தேடும்போது இந்த மூன்று சொற்றொடர்களும் போதும்.

2. கோடியாக மாற்றும்போது கவனம்

இது சின்ன விஷயம்தான். ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. 2023 இறுதியில் கூட்டரசு கடன் 1,172.5 பில்லியன் ரிங்கிட். அதாவது 1 லட்சத்து 17 ஆயிரத்து 250 கோடி ரிங்கிட். ஒரு சுழி விடுபட்டால் 11 ஆயிரம் கோடியாகிவிடும். அப்படி அச்சான தமிழ்ச் செய்தி ஒன்றை நானே வெட்டி வைத்திருக்கிறேன்.

குறிப்பெடுக்கும்போது பில்லியனிலேயே எழுதுங்கள். மாற்றுவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

3. கூட்டரசு கடனைப் பிரித்துப் பாருங்கள்

நிதியமைச்சின் அட்டவணையில் மொத்தத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கீழே இருக்கும் வரிகளில்தான் விஷயமே இருக்கிறது.

எதன் மூலம் கடன் வாங்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். பெரும்பகுதி இரண்டு வகைப் பத்திரங்கள். ஒன்று எம்ஜிஎஸ் எனப்படும் மலேசிய அரசுப் பத்திரம். மற்றொன்று எம்ஜிஐஐ எனப்படும் இஸ்லாமிய முறைப் பத்திரம். இவற்றோடு வீடமைப்புக்கான சுக்கூக் (இதுவும் இஸ்லாமிய முறைப் பத்திரம்தான்), குறுகிய காலக் கருவூல உண்டியல்கள் என்று சில வரிகள் வரும்.

அடுத்து நாணயத்தைப் பாருங்கள். மொத்தக் கடனில் 97 விழுக்காட்டுக்கு மேல் ரிங்கிட்டிலேயே வாங்கப்பட்டது. டாலர், யென் போன்ற அந்நிய நாணயங்களில் வாங்கியது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 2019 மார்ச்சில் ஜப்பானிய அரசு வங்கியின் உத்தரவாதத்தோடு ஜப்பானில் விற்ற 200 பில்லியன் யென் சாமுராய் பத்திரம், 2021 ஏப்ரலில் விற்ற 1.3 பில்லியன் அமெரிக்க டாலர் சுக்கூக் போன்றவை இந்தச் சிறு பகுதியில் சேரும். ரிங்கிட் சரிந்தால் அரசாங்கக் கடன் அப்படியே வீங்கிவிடும் என்று காப்பிக் கடையில் யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

மூன்றாவதாக, யார் கடன் கொடுத்தார்கள் என்று பாருங்கள். எனக்கு இந்த அட்டவணைதான் மனத்தில் ஆழப் பதிந்தது. கூட்டரசு அரசாங்கத்துக்கு மிகப் பெரிய அளவில் கடன் கொடுத்திருப்பது ஊழியர் சேமநிதி வாரியம். மாதாமாதம் உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்துக்கொள்ளும் இபிஎஃப் பணத்தில் ஒரு பகுதி இந்தப் பத்திரங்களில்தான் இருக்கிறது. அரசாங்கம் ஒழுங்காக வட்டி கட்டினால் அதில் ஒரு பங்கு உங்கள் லாப ஈவாகத் திரும்பி வரும். ரப்பர் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த நம் பெற்றோரின் சேமிப்பும் இந்தக் கணக்கில் கடன் கொடுத்தவர் பக்கத்தில்தான் இருக்கிறது. “நாடு கடனில் மூழ்கிவிட்டது” என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் இதே பட்டியலில் வரும்.

வெளிநாட்டவர் கையில் இருப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இந்த வரியை வட்டமிட்டு வையுங்கள். அடுத்த படியில் இது திரும்ப வரும்.

பொறி: இது கூட்டரசின் கடன் மட்டுமே. மாநிலங்களின் கடன் எங்கே என்று தேடி நான் இரண்டு நாள் அலைந்தேன். அரசமைப்புச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி மாநிலங்கள் கூட்டரசிடம் கடன் வாங்கலாம். அல்லது கூட்டரசு ஒப்புதல் கொடுத்த வங்கியிடம் ஐந்து ஆண்டுக்கு மிகாமல் வாங்கலாம். சபா, சரவாக் மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. பெட்ரோனாஸ் போன்ற அரசு நிறுவனங்கள் தங்கள் பெயரில் வாங்கும் கடனும் இந்த எண்ணில் சேராது.

4. வெளிநாட்டுக் கடன் என்ற சொல்லைத் திறந்து பாருங்கள்

நான் விழுந்த குழி இதுதான். நிறையப் பேர் விழுவதும் இதே குழியில்தான். ஆகவே இங்கே கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள்.

‘வெளிநாட்டுக் கடன்’ என்றதும், அரசாங்கம் வெளிநாட்டிடம் வாங்கிய கடன் என்றுதான் நம் காதில் விழுகிறது. பேங்க் நெகாராவின் அட்டவணையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. மலேசியாவில் வசிக்கும் எவரும், அரசாங்கமோ வங்கியோ தனியார் நிறுவனமோ, வசிக்காத எவருக்கும் கொடுக்க வேண்டிய கடன் அனைத்தும் அதில் அடங்கும். எந்த நாணயத்தில் என்பது கணக்கில்லை. கொடுத்தவர் எங்கே வசிக்கிறார் என்பதுதான் கேள்வி.

அட்டவணையின் வரிகளை இப்படிப் படியுங்கள்.

பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அதன் தாய் நிறுவனம் வெளிநாட்டில். புதிய இயந்திரம் வாங்கத் தாய் நிறுவனம் கடன் கொடுக்கிறது. அது மலேசியாவின் வெளிநாட்டுக் கடனில் சேரும். நிறுவனங்களுக்கிடையிலான கடன் என்ற வரியில் பார்க்கலாம்.

கோலாலம்பூரில் ஒரு வங்கி. அதே குழுமத்தின் வெளிநாட்டுக் கிளையிடமிருந்து சில வாரங்களுக்குப் பணம் புரட்டுகிறது. அதுவும் சேரும், வங்கிகளுக்கிடையிலான கடன் என்ற வரி.

சிங்கப்பூரில் வசிக்கும் ஒருவர் ஜொகூர் பாருவில் ஒரு வங்கியில் ரிங்கிட் வைப்புக் கணக்கு வைத்திருக்கிறார். அவர் போட்ட பணத்தை வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் அதுவும் வெளிநாட்டுக் கடன்தான்.

வெளிநாட்டு ஓய்வூதிய நிதி ஒன்று எம்ஜிஎஸ் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறது. அதுவும் சேரும். மூன்றாவது படியில் வட்டமிடச் சொன்ன வரி இதுவே. அரசாங்கக் கடனில் வெளிநாட்டவர் கையில் இருக்கும் அந்த ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான தொகை, கூட்டரசு கடனிலும் இருக்கிறது, வெளிநாட்டுக் கடனிலும் இருக்கிறது. நான் இரண்டு முறை எண்ணிய காசு அது.

2023 இறுதியில் கூட்டரசு கடன் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 64.3 விழுக்காடு. வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 68 விழுக்காடு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி அருகருகே நிற்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஒன்று உயரும்போது மற்றொன்றும் உயரும் என்று நினைக்கத் தோன்றும். அவை தனித்தனிக் காரணங்களால் ஏறி இறங்குகின்றன. அரசாங்கக் கடன் ஏறுவது பெரும்பாலும் பற்றாக்குறையால், அதாவது வரவைவிடச் செலவு கூடுவதால். வெளிநாட்டுக் கடன், வங்கிகளும் நிறுவனங்களும் என்ன செய்கின்றன, வெளிநாட்டு முதலீட்டாளர் பத்திரம் வாங்குகிறாரா விற்கிறாரா, ரிங்கிட் எந்தப் பக்கம் போகிறது என்பவற்றால் அசைகிறது.

நாணய விளைவை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள், மறக்காது. ஒரு நிறுவனம் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் வைத்திருக்கிறது என்று கொள்வோம். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட் அளவில் இருந்தது. அப்போது அந்தக் கடன் 480 மில்லியன் ரிங்கிட். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் டாலர் 4.12 அளவுக்கு இறங்கியது. கடன் 412 மில்லியன் ஆகிவிட்டது. நிறுவனம் ஒரு சென் கூடத் திருப்பிக் கட்டவில்லை. வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்நிய நாணயத்தில் இருப்பதால், “கடன் குறைந்தது” அல்லது “கடன் எகிறியது” என்ற தலைப்பைப் பார்த்தால் முதலில் அந்தக் காலாண்டின் நாணய மாற்று விகிதத்தைப் பாருங்கள். பேங்க் நெகாராவின் அறிக்கையே மதிப்பு மாற்றத்தால் எவ்வளவு, புதிய கடனால் எவ்வளவு என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லும். அந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பொறி: பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். 2014 முதல் காலாண்டில் வெளிநாட்டுக் கடனின் வரையறை மாறியது. வெளிநாட்டவர் வைத்திருக்கும் ரிங்கிட் பத்திரங்களும் வைப்புகளும் அப்போதுதான் உள்ளே வந்தன. எண் ஏறத்தாழ இரு மடங்கானது. அந்த ஆண்டு யாரும் திடீரென்று அவ்வளவு கடன் வாங்கவில்லை. பழைய வரையறையில் வந்த புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, அதிலிருந்து இன்றைய எண்ணுக்குக் கோடு இழுத்தால் படம் பொய் சொல்லும்.

இன்னொரு வரியையும் பாருங்கள்: குறுகிய காலக் கடன். ஒரு ஆண்டுக்குள் திருப்ப வேண்டியது எவ்வளவு, அதற்கு எதிராக நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு எவ்வளவு. 2023 இறுதியில் கையிருப்பு 113.5 பில்லியன் அமெரிக்க டாலர். குறுகிய கால வெளிநாட்டுக் கடனுக்கு 1.0 மடங்கு என்று பேங்க் நெகாரா கணக்கிட்டது. என்னைக் கேட்டால், வெளிநாட்டுக் கடனைப் பற்றிக் கவலைப்பட நினைப்பவர் மொத்த எண்ணைவிட இந்த வரியைத்தான் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதே சமயம், அந்தக் குறுகிய காலக் கடனில் நல்ல பகுதி, குழுமத்துக்குள் வங்கிகள் புரட்டிக்கொள்வது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

5. ‘ஒன்றரை டிரில்லியன்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இரண்டு எண்களையும் பிரித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது மூன்றாவது எண் வந்து கையைப் பிடித்து இழுக்கும். 2023 சனவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், கடனும் பொறுப்புகளும் சேர்ந்து 1.5 டிரில்லியன் ரிங்கிட் என்றார். அதே மாதச் செய்திகளில் 1.2 டிரில்லியன் என்றும் இருந்தது. இரண்டில் எது பொய் என்று தேடாதீர்கள். ‘பொறுப்புகள்’ என்ற சொல் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதைப் புரிந்துகொள்ள 2018 மே மாதத்துக் கணக்கு நல்ல பயிற்சி. கூட்டல் எளிது. அப்போது அறிவித்த மொத்தம் 1,087.3 பில்லியன் ரிங்கிட். அதில் கூட்டரசு கடன் 686.8 பில்லியன். அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்து, தானே கட்ட வேண்டியிருந்த கடன் 199.1 பில்லியன். தனியாரோடு கூட்டாகக் கட்டிய பள்ளி, மருத்துவமனை, சாலை போன்றவற்றுக்கு வரும் ஆண்டுகளில் கட்ட வேண்டிய குத்தகைத் தொகை 201.4 பில்லியன். காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். முதல் எண் மட்டும் என்றால் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 50.8 விழுக்காடு. மூன்றும் சேர்ந்தால் 80.3 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே நாள், இரண்டு விழுக்காடுகள்.

இப்போதைய அறிக்கையில் இந்தப் பொறுப்புகள் தனித்தனி வரியாக வரும்: அரசாங்கமே கட்டும் உத்தரவாதக் கடன்கள், 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் கடன், தனியார் கூட்டுத் திட்டங்கள் போன்ற மற்றவை. எம்ஆர்டி ரயிலுக்காகக் கடன் திரட்டும் டானாஇன்ஃப்ரா, பிரசாரானா, மாணவர் கடன் கொடுக்கும் பிடிபிடிஎன் எல்லாம் உத்தரவாதம் பெற்ற பட்டியலில் இருக்கின்றன. உங்கள் பிள்ளை பிடிபிடிஎன் கடனில் படித்திருந்தால், அந்த நிதி இந்தப் பக்கத்தைத் தொட்டுத்தான் வந்திருக்கிறது.

பொறி: உத்தரவாதம் என்றாலே அரசாங்கம் கட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நிறுவனங்கள் தங்கள் வருமானத்திலிருந்தே கட்டிவிடும். அரசாங்கம் தானே கட்டுவதாக ஏற்றுக்கொண்டவை தனி. அட்டவணையில் இரண்டும் பிரிந்திருக்கும். ‘மொத்த உத்தரவாதம்’ என்ற வரியை எடுத்துக் கடனோடு கூட்டினால் நான் செய்ததைப் போலவே இன்னொரு தவறு.

6. விழுக்காட்டைச் சொல்லும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

1,172.5 பில்லியனை 2023இன் உள்நாட்டு மொத்த உற்பத்தியான ஏறத்தாழ 1.82 டிரில்லியனால் வகுத்தால் 64.3 விழுக்காடு வரும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் வரவு செலவுத் திட்ட அறிக்கை அக்டோபரில் வரும்போது அதில் இருப்பது சூன் இறுதிக் கடன். கீழே வகுக்கும் எண் அந்த ஆண்டு முழுவதற்குமான மதிப்பீடு. பிறகு உற்பத்திக் கணக்கு திருத்தப்படும். கடன் அப்படியே இருக்க விழுக்காடு மட்டும் நகரும். ஒரே தேதிக்கு இரண்டு விழுக்காடுகளைப் பார்த்தால் பயப்படாதீர்கள். பிந்தி வந்த அறிக்கையின் எண்ணை எடுத்து, அறிக்கையின் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

வரம்புகள் விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 65 என்று ஓர் எண், 60 என்று ஓர் எண். 65 விழுக்காடு என்பது சட்ட வரம்பு. பெருந்தொற்றுக்கு முன் 55 ஆக இருந்தது. 2020இல் 60 ஆகவும் 2021இல் 65 ஆகவும் உயர்த்தினார்கள். அது எம்ஜிஎஸ், எம்ஜிஐஐ, இஸ்லாமியக் கருவூல உண்டியல் ஆகியவற்றுக்கு மட்டும். அந்நிய நாணயக் கடனுக்கு 35 பில்லியன் ரிங்கிட், வழக்கமான கருவூல உண்டியலுக்கு 10 பில்லியன் ரிங்கிட் என்று தனி வரம்புகள். ஆகவே மொத்தக் கடனான 64.3ஐ 65 பக்கத்தில் வைத்து “இன்னும் முக்கால் விழுக்காடுதான் பாக்கி” என்று எழுதினால் தவறு. சட்ட வரம்புக்குள் வரும் கடன் அதைவிடக் குறைவு.

60 விழுக்காடு என்பது 2023ஆம் ஆண்டின் பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டத்தில் எழுதிய நடுத்தர கால இலக்கு. 2024 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்கு மிகாமல், உத்தரவாதங்கள் 25 விழுக்காட்டுக்கு மிகாமல், வளர்ச்சிச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையாமல் என்பவையும் அதே சட்டத்தில் உள்ளன. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது, இலக்கு தவறினால் காரணத்தை நாடாளுமன்றத்தில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம். நம்மைப் போன்ற சாதாரண வாசகருக்குப் படிக்க ஒரு தாள் கூடுதலாகக் கிடைக்கும்.

தலைக்கு இவ்வளவு கடன் என்ற கணக்கைத் தவிர்த்துவிடுங்கள். 1,172.5 பில்லியனை ஏறத்தாழ 3 கோடியே 34 லட்சம் மக்களால் வகுத்தால் தலைக்கு 35 ஆயிரம் ரிங்கிட் வரும். பிறந்த குழந்தையின் தலையிலும் கடன் என்று எழுத வசதியாக இருக்கும். அந்தக் குழந்தையின் தாய் இபிஎஃப் வழியாகக் கடன் கொடுத்தவர் என்பது அந்தக் கணக்கில் வராது.

7. வட்டியைக் கடைசியில் பாருங்கள், ஆனால் கட்டாயம் பாருங்கள்

மொத்தக் கடனைவிட அன்றாட வாழ்க்கையைத் தொடுவது இந்த வரிதான். வரவு செலவுத் திட்டத்தின் செலவு அட்டவணையில் கடன் சேவைக் கட்டணம் என்று இருக்கும். 2023இல் அது 46.3 பில்லியன் ரிங்கிட். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மதிப்பிட்டது 54.7 பில்லியன், அரசாங்கத்தின் மொத்த வருமானம் 339.7 பில்லியன் என்ற மதிப்பீட்டில் இது 16.1 விழுக்காடு. 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நிதியமைச்சு தனக்குத்தானே வைத்திருக்கும் நிர்வாக வரம்பு. அதைத் தாண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, கிள்ளான் பெரிய மருத்துவமனையில் என் அம்மாவோடு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற நாள்கள் ஞாபகம் வந்தன. மாணவர்களுக்கு நான் முதலிலேயே காட்டியிருக்க வேண்டிய எண் இதுதான். 2.4 டிரில்லியன் என்ற பிழையான எண் அவர்களைப் பயமுறுத்தியது. 54.7ஐயும் 45.3ஐயும் காட்டியிருந்தால் கேள்வி கேட்டிருப்பார்கள்.

வட்டி அட்டவணையோடு கடன் எதற்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பத்திரங்கள் மூலம் புதிதாக வாங்கும் கடன் வளர்ச்சிச் செலவுக்கு மட்டுமே போக வேண்டும். சம்பளம், ஓய்வூதியம், உதவித்தொகை போன்ற நடப்புச் செலவை வருமானத்திலிருந்தே சமாளிக்க வேண்டும். வட்டி நடப்புச் செலவில் வருகிறது. அதனால் அது கூடும்போது மற்ற நடப்புச் செலவுகளின் இடம் சுருங்குகிறது.

8. தேதிகளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்

பேங்க் நெகாராவின் காலாண்டு அறிக்கை, பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களின் நடுவில் வரும். முடிந்த காலாண்டுக்கும் அறிக்கைக்கும் இடையே ஏறத்தாழ ஆறு வாரம். வரவு செலவுத் திட்டத்துடன் வரும் நிதியமைச்சின் அறிக்கை பொதுவாக அக்டோபரில். அந்நியச் செலாவணிக் கையிருப்பு மாதம் இரு முறை வெளியாகிறது. அரசுப் பத்திர ஏலங்களின் ஆண்டு அட்டவணை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கிடைத்துவிடும்.

முதல் முறை எல்லாவற்றையும் படிக்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அதன்பின் காலாண்டுக்கு ஒரு மணி நேரம் போதும். ஒரு குறிப்பேட்டில் ஏழு பத்திகள் போட்டிருக்கிறேன்: தேதி, கூட்டரசு கடன், அதில் வெளிநாட்டவர் கையில் இருப்பது, வெளிநாட்டுக் கடன், டாலர் விலை, குறுகிய காலக் கடனுக்குக் கையிருப்பு எத்தனை மடங்கு, வட்டிச் செலவு. ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் எந்த அறிக்கை, எந்தப் பக்கம் என்று பென்சிலில் எழுதுகிறேன். பென்சிலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. முந்தைய காலாண்டு எண்கள் திருத்தப்பட்டு வருவது வழக்கம்.

இப்போது தொடங்குவதாக இருந்தால், மேலே சொன்ன நான்கு மாதங்களில் அடுத்து எது வருகிறதோ அதன் நடுவில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். அதற்கு முன் 2023 கணக்கைக் கையில் எடுத்து, மூன்றாவது படியில் வட்டமிட்ட அந்த வரி இரண்டு அட்டவணைகளிலும் எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.